மூன்றாவது ஆள்: வைக்கம் கதையை நாம் சொல்லும் விதம் பற்றிச் சில குறிப்புகள்

1924 மார்ச் 30 அன்று வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருவை நோக்கி மூன்று பேர் நடந்தார்கள். குஞ்ஞப்பி புலையர். பாகுலேயன் ஈழவர். கோவிந்தப் பணிக்கர் நாயர். தீண்டல் பலகை இருந்த இடத்தில் போலீஸ் நிறுத்திச் சாதி கேட்டது. பணிக்கர் போகலாம், மற்ற இருவரும் போகக் கூடாது என்றது. அவர்களை விட்டுவிட்டுத் தனியாகப் போகப் பணிக்கர் மறுத்தார். மூவரையும் கைது செய்தார்கள்.

இந்தக் குறிப்பு அந்த மூன்றாவது ஆளைப் பற்றியது. தடையே இல்லாதவர் எதற்காகப் போய் நின்றார், அவர் நின்றதால் என்ன நடந்தது, அதை நாம் இன்று எப்படிக் கதையாகச் சொல்கிறோம் என்பது பற்றியது. வைக்கம் நூற்றாண்டு விழாக்கள் முடிந்துவிட்டன. 2024 டிசம்பர் 12 அன்று தமிழக, கேரள முதல்வர்கள் இருவரும் சேர்ந்து, புதுப்பிக்கப்பட்ட பெரியார் நினைவகத்தை வைக்கத்தில் திறந்து வைத்தார்கள். அந்த இரண்டு வருடத்தில் மேடையிலும் பத்திரிகையிலும் யூடியூபிலும் கேட்டதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், தமிழில் வைக்கத்துக்கு இரண்டே கதைகள்தான் இருக்கின்றன. ஒன்று, பெரியார் போனார், வென்றார். இன்னொன்று, காந்தி வழிகாட்டினார், சவர்ண இந்துக்கள் மனம் மாறினார்கள். இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் உடன்பாடு: இரண்டிலுமே குஞ்ஞப்பிக்கு வசனம் கிடையாது.

பெயர்களை விட்டுவிடுவது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். அப்படி இல்லை. ஆதரவாக வந்தவரை நாயகனாக்கிவிட்டால், அந்த ஆதரவு எப்படி வேலை செய்தது என்பதே நமக்குப் புரியாமல் போய்விடுகிறது. நான் சொல்ல வருவது இதைத்தான்.

முதலில் ஒரு தெளிவு. வைக்கம் போராட்டத்தை ஆரம்பித்தவர்கள் 'வெளியிலிருந்து வந்த நல்லவர்கள்' அல்ல. டி.கே. மாதவன் ஈழவர். 1921இல் திருநெல்வேலியில் காந்தியைச் சந்தித்து இதைப் பேசியவர் அவர். 1923 டிசம்பர் காக்கிநாடா காங்கிரசில் தீண்டாமைக்கு எதிரான தீர்மானம் வரக் காரணமாக இருந்தவரும் அவரே. அதன் பிறகுதான் கேரளக் காங்கிரசில் குழு அமைந்தது, கே. கேளப்பன், கே.பி. கேசவ மேனன் போன்ற நாயர் தலைவர்கள் தோள் கொடுத்தார்கள். அதாவது அழைப்பு கீழிருந்து வந்தது. மாதவனும் கேசவ மேனனும் ஏப்ரல் 7 அன்று கைதானார்கள். தலைவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்ட நிலையில் ஈரோட்டுக்குக் கடிதம் வந்தது. ஏப்ரல் 13 அன்று பெரியார் வைக்கம் போய்ச் சேர்ந்தார். அவரும் கூப்பிட்டதால் போனவர்தான்.

தினமும் மூன்று பேரை அனுப்பும் அந்த முறையில் ஒரு கணக்கு இருந்தது. தடை செய்யப்பட்டவர்கள் மட்டும் போனால், அரசுக்கு வேலை சுலபம்: 'விதியை மீறினார்கள், பிடித்தோம்' என்று கேஸ் முடிந்துவிடும். கூட ஒரு நாயர் நின்றால், போலீஸ் வாய் திறந்து சாதி கேட்டாக வேண்டும். மூன்று பேர், ஒரே தெரு, ஒரே நடை. ஒருவருக்கு வழி, இருவருக்கு இல்லை. அந்தத் தடை எவ்வளவு அபத்தம் என்று பிரசங்கம் செய்ய வேண்டியதே இல்லை, போலீஸ்காரரே செய்துகாட்டிவிடுவார். பணிக்கர் அங்கே செய்த வேலை இரக்கம் காட்டுவது அல்ல. தனக்குக் கிடைத்த அனுமதியைப் பயன்படுத்த மறுப்பது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நம்ம மேடைப் பேச்சுகள் தவறவிடுகின்றன.

இந்த இடத்தில் காந்தியின் நிலைப்பாட்டை விமர்சிக்காமல் தாண்ட முடியாது. தீண்டாமை இந்துக்களின் பாவம், எனவே பிராயச்சித்தம் இந்துக்களே செய்ய வேண்டும் என்பது அவர் தர்க்கம். அதன்படி சிரியன் கிறிஸ்தவரான ஜார்ஜ் ஜோசப்பை ஒதுங்கிக்கொள்ளச் சொன்னார். பஞ்சாபிலிருந்து வந்து இலவசச் சமையற்கூடம் நடத்திய அகாலிகளும் இந்தத் தர்க்கத்தால் கடையைக் கட்ட வேண்டியதாயிற்று. கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது: அவரவர் அழுக்கை அவரவர் கழுவட்டும். ஆனால் இதில் ஒரு சிக்கல். பிராயச்சித்தம் என்று சொன்ன உடனே, கதையின் நடுவில் பாவம் செய்தவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். பாதிக்கப்பட்டவர், இவருடைய மனம் எப்போது மாறும் என்று ஓரத்தில் காத்திருப்பவராகிவிடுகிறார்.

இது வெறும் தத்துவப் பிரச்சினை இல்லை, நடைமுறையில் விளைவு இருந்தது. 1925 மார்ச்சில் காந்தி வைக்கம் வந்தார். இண்டம்துருத்தி நம்பூதிரியோடு பேசினார். மகாராணி ரீஜென்டைச் சந்தித்தார். போலீஸ் கமிஷனர் பிட்டோடு கடிதம் எழுதி ஏற்பாடு செய்தார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. இருபது மாதப் போராட்டத்தின் முடிவில் தெருவை இப்படிப் பங்கு பிரித்த பேச்சுவார்த்தையில், அந்தத் தெருவில் நடக்க முடியாதவர்களின் பிரதிநிதிக்கு இடம் எங்கே இருந்தது? அவர்களைக் கேட்டிருந்தாலும் இதையே ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒப்புக்கொள்ளும் உரிமை யாருடையது என்பதே கேள்வி.

இதே தர்க்கம் 1932இல் அமைப்பாகவே உருவெடுத்தது. ஹரிஜன் சேவக் சங்கத்தின் நிர்வாகம் சாதி இந்துக்கள் கையில் இருந்தது. கடன்பட்டவர்கள்தான் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அம்பேத்கர் இதைக் கடுமையாக விமர்சித்தார். அவர் கேள்வியை என் சொற்களில் சொன்னால்: எங்களுக்காக நடக்கும் சங்கத்தில் எங்களுக்கே அதிகாரம் இல்லையென்றால், அது எங்கள் விடுதலைக்கா, உங்கள் நிம்மதிக்கா?

அம்பேத்கர் மேல்சாதி ஆதரவாளர்களை ஒதுக்கினார் என்று இதை வைத்து முடிவு கட்டுபவர்கள் மகாட் 1927ஐப் படிக்க வேண்டும். பிராமணர்களைச் சேர்க்காவிட்டால் ஆதரவு தருகிறோம் என்று பிராமணரல்லாதார் இயக்கத் தலைவர்கள் ஜேதேயும் ஜவல்கரும் சொன்னபோது அவர் அந்த நிபந்தனையை ஏற்கவில்லை. அந்த டிசம்பரில் மனுஸ்மிருதியை எரிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஜி.என். சகஸ்ரபுத்தே, பிராமணர். ஆக, யார் வரலாம் என்பதில் அம்பேத்கர் கதவை அகலமாகவே வைத்திருந்தார். வந்தவர் எங்கே உட்கார வேண்டும் என்பதில்தான் கறார். காந்தி இதற்கு நேர் எதிர்: கதவு குறுகல், உள்ளே வந்தவருக்குத் தலைமைப் பீடம்.

அப்படியானால் சவர்ணர்கள் வைக்கத்தில் செய்ததெல்லாம் வீணா? இல்லை. அவர்கள் செய்ததிலேயே உருப்படியான ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

1924 நவம்பரில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் சவர்ண ஜாதா வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தது. தெற்கே கோட்டாறிலிருந்து டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் இன்னொன்று புறப்பட்டது. வழியெங்கும் கூட்டம் போட்டார்கள். யாரிடம் பேசினார்கள் என்பதைக் கவனிக்கணும். தடை செய்யப்பட்டவர்களிடம் போய் 'நாங்க இருக்கோம்' என்று ஆறுதல் சொல்லவில்லை. தங்கள் சொந்தச் சாதிக்காரர்களிடம், சொந்தக்காரர்களிடம் போய், இந்தத் தடை வேண்டாம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். சுமார் 25,000 சவர்ணர்களின் கையெழுத்தோடு ரீஜென்டிடம் மனு போனது. 1925 பிப்ரவரியில் சட்டசபையில் தீர்மானம் 21க்கு 22 என்று ஒரே ஓட்டில் தோற்றது.

தோற்றாலும், 'மேல்சாதிக்காரர் யாரும் இதை ஒத்துக்க மாட்டாங்க' என்ற அரசின் சாக்கு அதோடு செத்தது. இதை அவர்ணர்கள் எவ்வளவு நடந்தாலும் சாதித்திருக்க முடியாது. சவர்ணரால் மட்டுமே ஆகக்கூடிய வேலை அது.

இந்த வேலைக்கு விலையும் இருந்தது. சிற்றேடத்து சங்குப் பிள்ளை, நாயர் சத்தியாகிரகி, அடிபட்டு 1924 டிசம்பரில் இறந்தார். ராமன் இளையது கண்ணில் சுண்ணாம்பு பூசப்பட்டுப் பார்வை இழந்தார். பெரியார் இரண்டு முறை சிறை போனார், இரண்டாவது முறை கடுங்காவல். நாகம்மையாரும் கண்ணம்மாளும் களத்துக்கு வந்தார்கள். கோவை அய்யாமுத்து சிறை சென்றார். பணிக்கரின் மறுப்பு எவ்வளவு எளிமையாகத் தெரிந்தாலும் அதன் பின்னால் வரக்கூடியது இதுதான்.

இதே கேள்வி அமெரிக்காவில் இன்னும் கூர்மையாக வந்தது. 1964 கோடையில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்ய வடக்கிலிருந்து நூற்றுக்கணக்கில் வெள்ளை மாணவர்கள் போனார்கள். ஜூன் 21 அன்று மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். ஜேம்ஸ் சேனி கறுப்பர். ஆண்ட்ரூ குட்மேனும் மைக்கேல் ஷ்வெர்னரும் வெள்ளையர். நாடே கொந்தளித்தது. தேடும்போது வேறு கறுப்பர்களின் உடல்களும் கிடைத்தன. அதுவரை அவர்களை யாரும் தேடவில்லை. சேனி மட்டும் காணாமல் போயிருந்தால் இதைச் செய்தியாகக்கூடப் போட்டிருக்க மாட்டார்கள் என்று அப்போதே சொன்னவர் ஷ்வெர்னரின் மனைவி ரீட்டா. ஆதரவாளரின் உடலுக்கு மதிப்பு கூடுதல் என்பதால்தான் அவர் வருகை பயன்படுகிறது. அந்தக் கூடுதல் மதிப்புதான் எதிர்த்துப் போராட வேண்டிய அநியாயமும். இந்த முரணை யாராலும் முழுசாகத் தீர்க்க முடியவில்லை. 1966 வாக்கில் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவில் வலுத்த குரல்: வெள்ளைத் தோழர்கள் வெள்ளையர்களிடமே போய் வேலை செய்யட்டும். நிறவெறி இருப்பது அங்கேதானே? மன்னத்தின் ஜாதா நாற்பது வருடம் முன்பே செய்ததை இவர்கள் கோட்பாடாகச் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது இடத்துக்கு இடம் மாறும். 1946 ஜூனில் டர்பனில், இந்தியர்கள் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் தடை போட்ட சட்டத்தை எதிர்த்து, கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சந்திக்கும் மூலையில் கூடாரம் போட்டார்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள், தமிழர்கள் நிறைய. வெள்ளைக் கும்பல்கள் இரவில் வந்து தாக்கின. மைக்கேல் ஸ்காட் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் அவர்களோடு போய் நின்று மூன்று மாதம் சிறை சென்றார். தலைமை அவரிடம் இல்லை. ஜி.எம். நாயக்கரும் யூசுப் தாதூவும்தான் தலைவர்கள். டர்பன் கதையைப் படிக்கும் தமிழ் வாசகர் தன்னைக் கூடாரத்துக்குள் வைத்துப் பார்க்கிறார், சரிதான். ஆனால் அதே வாசகர் வைக்கத்தைப் படிக்கும்போதும் தன்னைக் குஞ்ஞப்பி பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். பெரும்பாலானோருக்கு அது உண்மையான இடம் இல்லை. பணிக்கர் நின்ற இடத்தில் நிற்க வேண்டியவர்கள் நாம். சில நேரம் சாதி கேட்ட போலீஸ் நின்ற இடத்தில்.

இதை எழுதுவது அம்பத்தூரிலிருந்து என்பதால் இங்கே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட் கம்பெனிகளிலும் ஆவடி டாங்க் ஃபேக்டரியிலும் பல சாதி ஆட்கள் ஒரே ஷிஃப்டில் நிற்கிறார்கள், ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறார்கள். வாடகைக்கு வீடு தேடும்போதுதான் கதை மாறும். டு லெட் பலகையில் 'சைவம் மட்டும்' என்று இருக்கும். இல்லாவிட்டால் ஹவுஸ் ஓனர் வாசலில் நின்று, "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு?" என்பார். நேராகக் கேட்பவர்களும் உண்டு: "நீங்க என்ன ஆளுங்க?" தீண்டல் பலகையில் எழுதியிருந்ததை இந்தப் பலகையில் எழுத முடியாது, சட்டம் இருக்கு. அதனால் சைவம் என்று எழுதுகிறார்கள்.

இந்த விசாரணையில் எப்போதும் ஒரு மூன்றாவது ஆள் உண்டு. கூட வேலை செய்பவர், ஏற்கெனவே அந்தத் தெருவில் குடியிருப்பவர், "நம்ம பையன்தான் சார், நான் கேரண்டி" என்று கூட்டிக்கொண்டு வருபவர். ஓனர் அவரைத்தான் தனியாகக் கூப்பிட்டு, "ஆள் யாரு?" என்று கேட்பார். அந்த நொடியில் அவர் என்ன சொல்கிறார்? எனக்குத் தெரிந்து மூன்று பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, உண்மையைச் சொல்லி, வீடு கிடைக்காமல் போனதும் நண்பரிடம் "அட்வான்ஸ் அதிகம் கேட்கறாங்கப்பா" என்று மழுப்புவது. இரண்டு, "நம்ம ஆளுங்கதான்" என்று பொய் சொல்லி வீட்டைப் பிடித்துத் தருவது. இது உதவி மாதிரித் தெரியும், ஆனால் வாடகைக்கு வந்தவர் அன்று முதல் தன் வீட்டுச் சுவரில் எந்தப் படம் மாட்டலாம் என்று யோசித்துக்கொண்டே வாழணும். மூன்று, "அதை ஏன் கேட்கறீங்க?" என்று ஓனரிடமே கேட்பது. முதல் இரண்டையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்றாவதைச் சொன்னால் தன் வீட்டு வாடகை உறவும் கெடும் என்பதால் அதிகம் யாரும் சொல்வதில்லை. பணிக்கர் சொன்னது அந்த மூன்றாவது பதில்.

இங்கே அரசியல்வாதிகள் செய்ததும் ஒன்று உண்டு. 2022 ஏப்ரலில் முதல்வர் ஆவடி நரிக்குறவர் குடியிருப்புக்கு வந்து, மாணவி ஒருவரின் வீட்டில் சாப்பிட்டார். படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. இதை வெறும் நாடகம் என்று தள்ளுபவர்கள் உண்டு, புரட்சி என்று கொண்டாடுபவர்களும் உண்டு. இரண்டு பேருமே அவர் தட்டை மட்டும் பார்க்கிறார்கள். முதலில் பேசியவர்கள் அந்த மாணவிகள். பள்ளியிலும் பஸ்ஸிலும் தங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று அவர்கள் கேமரா முன் சொன்னார்கள், வீடியோ பரவியது, அதன் பிறகுதான் அதிகாரிகளும் முதல்வரும் வந்தார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அந்தச் சமூகம் நீண்ட காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் அதற்கான திருத்தத்தை நிறைவேற்றியது. அவர்கள் வீட்டில் சாப்பிடுவது ஒரு காலை நேர வேலை. அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் உட்காராதே என்று தன் பிள்ளைக்குச் சொல்லும் பெற்றோரிடம் யார் போய்ப் பேசினார்கள் என்று நான் கேட்பேன். அதற்குப் படம் கிடையாது.

மதுரை 1939 ஜூலை 8ஐயும் இப்படித்தான் மறுபடி சொல்ல வேண்டும். மீனாட்சி கோயில் நுழைவு என்றதும் வைத்தியநாத அய்யர் பெயர் வருகிறது. வர வேண்டியதுதான், சொந்தச் சாதிக்காரர்களின் கடும் எதிர்ப்பைத் தாங்கியவர். ஆனால் அன்று உள்ளே போனவர்கள் கக்கன் உட்பட ஐந்து தலித்துகளும் ஒரு நாடாரும். 'அய்யர் அழைத்துச் சென்றார்' என்ற வாக்கியத்தில் இவர்கள் செயப்படுபொருள். அவர்கள் நடந்து போனார்கள், அய்யர் கூட வந்தார் என்று சொன்னால் அய்யருக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. ஆனால் அதைக் கேட்கும் பிள்ளைகளுக்குக் கதை வேறாகிவிடும்.

பெரியார் விஷயத்திலும் இதையே சொல்வேன். 'வைக்கம் வீரர்' பட்டத்தைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூப்பிட்டபோது போனார், விலை கொடுத்தார், திரும்பி வந்து தன் சொந்தக் கட்சிக்குள்ளேயே சண்டை போட்டார். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற பிரச்சினையில் விடாமல் நின்றார். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரசை விட்டே வெளியேறினார். அவருடைய வைக்கத்தை மதிப்பிட இதைத்தான் பார்க்க வேண்டும்: அங்கே அவர் எத்தனை நாள் இருந்தார் என்பதைவிட, வீடு திரும்பிய பிறகு யாரோடு சண்டை போட்டார் என்பது. அவரைத் தனி நாயகனாக்கும் மேடைகள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. சொன்னால், கேட்டுக்கொண்டிருப்பவர்களும் வீட்டுக்குப் போய் யாரோடாவது சண்டை போட வேண்டியிருக்கும்.

எனவே, இந்த மாதிரிக் கதைகளைப் படிக்கும்போது நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். வந்தவரைக் கூப்பிட்டது யார்? முடிவெடுக்கும் இடத்தில் யார் இருந்தார்? வந்தவர் தன் சொந்தக்காரர்களிடம் போய் என்ன பேசினார்? பணிக்கரிலிருந்து மிசிசிப்பி மாணவர்கள் வரை யாரையும் இதில் வைத்துப் பார்க்கலாம். சிலர் மூன்றிலும் தேறுவார்கள், பலர் ஒன்றில்.

குஞ்ஞப்பி, பாகுலேயன் பற்றித் தமிழில் தனிக் கட்டுரை எதுவும் என் கண்ணில் படவில்லை. படித்தவர்கள் சொல்லுங்கள், அடுத்து எழுத நினைப்பது அதைத்தான்.